நேட்டால் தமிழரின் மூன்று பவுன் சீட்டு: வரியா, தங்கல் இசைவா?

தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றைக் கூறப் புகுந்த நூல்கள் பலவும் 'மூன்று பவுன் தலைவரி' என ஒன்றைக் குறிப்பிடும். ஒப்பந்தத் தொழிலாளர்மீது அது விதிக்கப்பட்டது. காந்தியடிகள் போராடி அதனை நீக்குவித்தார். இவ்வளவில் செய்தி முடிந்துவிடும். ஈண்டு 'வரி' என்னும் சொல் பொருந்துமா என்னும் ஐயம் எமக்கு நூலகத்தில் எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் கற்பிக்கச் சென்றிருந்தோம். குறித்த காலம் முடிந்தபின் மேலும் ஆறு திங்கள் தங்குவதற்கு இசைவு வேண்டி, விடியற்காலையில் அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தின்முன் வரிசையில் நின்றோம். கட்டணத்தைச் செலுத்தி, பெருவிரலைக் கண்ணாடித் தகட்டின்மேல் அழுத்தி, கடவுச்சீட்டில் முத்திரை பெற்று மீண்டபோது யாம் கொடுத்தது வரி அன்று என்பது எமக்கு நன்கு விளங்கியிருந்தது. வரி என்பது ஒரு நாட்டில் இருப்போரிடம் பெறப்படுவது. யாம் கொடுத்ததோ, இருப்பதற்கென்றே பெறப்பட்டது. அந்நாள் முதலாக நேட்டால் தமிழர் கொடுத்த மூன்று பவுனும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்ததோ என்று ஆராயத் தொடங்கினோம். அவ்வாராய்ச்சியின் முடிபுகளுள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதற்கண் சான்றுகளைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இச்சீட்டைப் பெற்றோர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் மிக அரிய. 1903-இல் தொடங்கப்பெற்ற 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் முதலில் ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளிவந்தது. ஆனால் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் 1906-இல் நிறுத்தப்பட்டன. எனவே நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் சட்ட வாசகங்களும், அரசாங்கக் கடிதங்களும், கப்பற் பதிவேடுகளுமே ஆகும். பதிவேடுகளில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர், உடலடையாளம் என நிரல்கள் தொடரும். ஆங்கில எழுத்தர் காதிற் கேட்டவாறு எழுதியமையால் தமிழ்ப் பெயர்கள் உருமாறின. முதலியார் 'மூட்லி' எனவும், கவுண்டர் 'கவெண்டர்' எனவும் இன்றும் அந்நாட்டில் குடிப்பெயராய் வழங்குதல் இதன் விளைவே என்பர். பெயர் சிதைந்தாலும் எண் சிதையவில்லை. அலுவலகங்கள் அவரை அறிந்தது அவ்வெண்ணாலேயே.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1866 முதல் 1874 வரை ஏற்பட்ட இடையீட்டை நீக்கி, 1911 வரையில் 1,52,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைவழிச் சென்றோர். தமிழரும் தெலுங்கரும் அவருட் கலந்திருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் திங்களுக்கு 10 ஷில்லிங் ஊதியம், ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகும்.

தொடக்கத்தில் இவர்கள் அந்நாட்டில் தங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர் தம் விருப்பம்போல் வாழலாம். பத்தாண்டு நிறைந்தபின் இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமையும் உண்டு. அவ்வுரிமைக்கு ஈடாக நிலம் பெறும் வழிகூட 1891 வரையில் ஏட்டளவில் இருந்தது. அதனைப் பெற்றோர் மிகச் சிலரே. எனினும் ஏட்டில் இருந்தது என்பதே கருதத்தக்கது. ஏனெனில், அக்காலத்து நேட்டால் அரசு ஒப்பந்தம் முடிந்த தமிழனை அயலான் எனக் கருதியதாயினும், ஆண்டுதோறும் இசைவு பெற வேண்டியவன் எனக் கருதவில்லை.

1893-இல் நேட்டால் பொறுப்பாட்சி பெற்றது. வெள்ளையர் வாக்காற் பதவிக்கு வந்த அவ்வரசு ஒரு முரண்பாட்டை எதிர்கொண்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். தோட்டத்தைவிட்டு வெளியேறிக் காய்கறி பயிரிட்டும் கடை வைத்தும் வாழ்கின்ற ஆள் வேண்டா. இதற்கு வழிகாணும்பொருட்டு பின்ஸ், மேசன் என்னும் இருவர் தூதுவராக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்தவுடன் தொழிலாளி கட்டாயமாகத் திரும்புதல் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. வைசிராய் எல்ஜின் பிரபு இக்கோட்பாட்டுக்கு உடன்பட்டார். ஆனால் திரும்ப மறுத்தலைக் குற்றமாக்கித் தண்டித்தல் கூடாது என்று ஒரு வரையறையும் விதித்தார். இவ்வரையறையை நம்மவர் அறநெறி என்று போற்றியதும் உண்டு. எம் கருத்து வேறு. குற்றமாக்க இயலாதது எனவே கட்டணமாக்கப்பட்டது; கட்டணத்துக்கு இசைந்தவரும் அவ்வைசிராயே. ஆண்டுக்கு 25 பவுன் என்றே நேட்டால் அரசு முதலிற் கருதியதாகக் காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறுகின்றார். முடிவில் மூன்று பவுன் ஆயிற்று.

1895-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம், ஆறாம் பிரிவு, இவ்வாராய்ச்சிக்கு அடிப்படை. அதன் கருத்து இது: இந்தியாவுக்குத் திரும்பாமலும், மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமலும் இருக்கும் தொழிலாளி, அக்குடியேற்ற நாட்டில் தங்கியிருப்பதற்கான சீட்டு ஒன்றை ஆண்டுதோறும் தம் வட்டார நடுவரிடம் பெறுதல் வேண்டும்; அச்சீட்டுக்கு ஆண்டுதோறும் மூன்று பவுன் செலுத்துதல் வேண்டும். இப்பிரிவில் வரி என்னும் சொல் வரவில்லை. கூறப்படுவது சீட்டு, அது தங்கியிருப்பதற்கான சீட்டு, ஓராண்டு கழிந்தால் மீண்டும் பெறவேண்டிய சீட்டு. இக்காலத்தார் 'விசா நீட்டிப்பு' என வழங்குவதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு மிகச் சிறிது.

சொல்லை மட்டும் பற்றி நின்று முடிவு செய்தல் தகாது என்று கற்றோர் கூறலாம். அரசுகள் வரிக்கு வேறு பெயர் இடுதல் புதிதன்று. நம் கல்வெட்டுகளிலேயே காசு கொடுக்கும் கடமைகளுக்கு எத்தனையோ பெயர்கள் உள. ஆகவே அது எவரிடம் பெறப்பட்டது என்பதை நோக்குவோம். தம் செலவிற் கப்பலேறி வந்த வணிகர் இம்மூன்று பவுனைச் செலுத்தவில்லை. ஒப்பந்தத்தில் உழைத்துக்கொண்டிருப்பவரும் செலுத்தவில்லை. ஐந்தாண்டு முடிந்தவர் மீண்டும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் அவரிடமும் அது பெறப்படவில்லை. கப்பலேறித் திரும்பினால் பேச்சே இல்லை. ஒப்பந்தத்தினின்று விடுபட்டும் நாட்டினின்று வெளியேறாத ஒருவரிடம் மட்டுமே அது பெறப்பட்டது. அரசின் கருவூலத்தை நிரப்புதல் நோக்கமாயின் இத்துணை விலக்குகள் வேண்டியதில்லை. செலுத்துவோர் தொகை குறைந்து ஒருநாள் ஒருவருமே செலுத்தாத நிலை வந்திருப்பின், சட்டம் இயற்றியோர் அதனைத் தோல்வி எனக் கருதியிரார். தம் எண்ணம் நிறைவேறியது என்றே மகிழ்ந்திருப்பர்.

மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தத்தின் முதலாண்டு ஊதியத்தில் அது செம்பாதி. 1903-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இவ்வகைப் பெற்றோர்க்குப் பிறந்த மக்களுள் 16 அகவை எய்திய ஆணும் 13 அகவை எய்திய பெண்ணும் இச்சீட்டைப் பெறவேண்டும் என்று விரித்தது. கணவன், மனைவி, அகவை வந்த ஒரு மகன், ஒரு மகள் என நால்வர் உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 12 பவுன் ஆகும். திங்களுக்கு 14 ஷில்லிங் எனக் கொண்டால் ஆண்டு வருவாய் 8 பவுன் 8 ஷில்லிங்கே. விடுபட்டோர் வெளியே பெற்ற கூலி இடத்துக்கு இடம் வேறுபட்டிருத்தல் கூடும். ஆதலின் இக்கணக்கை எல்லார்க்கும் ஏற்றிக் கூறோம். ஆயினும் இருமடங்கு ஈட்டிய ஒருவருங்கூடத் தம் வருவாயில் மூன்றில் இரு பங்குக்கு மேல் 'இருப்பதற்காக'க் கொடுக்க வேண்டியிருந்தது என்பது இதனால் விளங்கும். அப்பதின்மூன்று வயதுச் சிறுமியின் நிலை மேலும் வியப்புக்குரியது. நேட்டாலிலே பிறந்தவள், வேறு நாட்டைக் கண்டறியாதவள், தான் பிறந்த நாட்டில் தங்கியிருப்பதற்குச் சீட்டு வாங்க வேண்டியவளானாள். பெற்றோரின் ஒப்பந்தம் குருதிவழி இறங்கியது போலும்.

செலுத்தாதவரைக் குற்றவாளியாக்கச் சட்டத்தில் இடமில்லை. கடனைப் போல் வழக்கிட்டு மீட்கவே இடமுண்டு. ஆனால் தவணை முறையில் செலுத்துமாறு நடுவர் ஆணையிட்டு, அதனை நிறைவேற்றாதவர் நீதிமன்ற ஆணையை மீறினார் என்னும் பெயரால் சிறை சென்றதும் உண்டு. பெண்டிரும் இதற்கு விலக்கல்லர். எல்ஜின் பிரபுவின் வரையறை இவ்வாறு பக்கவாயில் வழியாகக் கடக்கப்பட்டது. 1910-இல்தான் நோயும் வறுமையும் உடைய பெண்டிர்க்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் நடுவர்க்குத் தரப்பட்டது. கொடுப்பதும் மறுப்பதும் அவர் மனத்தைப் பொறுத்தனவாயின.

இனி, தமிழ்த்துறையினர் சிறப்பாக எண்ணவேண்டிய ஒரு செய்தி உண்டு. சீட்டுச் சட்டத்துக்கு இரண்டாண்டு பின்னர், 1897-இல், நேட்டால் அரசு குடிவரவுத் தடைச் சட்டம் இயற்றியது. அதில் இந்தியர் என்றோ ஆசியர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. உள்ளே வர விரும்புவோர் ஐரோப்பிய மொழியொன்றின் எழுத்துகளால் ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கையொப்பமிடல் வேண்டும் என்பதே விதி. குடியேற்ற நாடுகளின் அமைச்சராயிருந்த சேம்பர்லின், நிறத்தைக் கூறாமல் நிறத்தால் தடுக்கும் இம்முறையை ஏனைய குடியேற்ற நாடுகளுக்கும் அவ்வாண்டே பரிந்துரைத்தார். 1901-இல் ஆஸ்திரேலியா இதனையொத்த தேர்வொன்றை வகுத்துக்கொண்டது. இவ்விதிப்படி, தொல்காப்பியத்தை உரையோடு ஓதி முடித்த புலவர் ஒருவர் டர்பன் துறையில் வந்திறங்கினும் அவர் எழுத்தறியாதவரே. நேட்டாலிற் குடியேறியிருந்த தமிழர் தம் பிள்ளைகளுக்கு ஒரு தமிழாசிரியரையோ கோயிலுக்கு ஓர் ஓதுவாரையோ ஊரிலிருந்து வரவழைக்க எண்ணின் இவ்விதியே எதிர்நின்றது. அதே ஆண்டுகளில் அதே துறையில், ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்தோர் நூற்றுக்கணக்கில் இறக்கப்பட்டனர். அவர்களுக்கு இத்தேர்வு இல்லை. தோட்டத்துக்கு எழுத்து வேண்டியதில்லை அன்றோ!

பட்டினப்பாலை காட்டும் புகார் நகரில் மொழி வேறுபட்ட அயலார் கலந்து இனிது உறைந்தனர் என்பதையும், துறைமுகத்தில் பண்டங்களுக்குப் புலிமுத்திரை இடப்பட்டது என்பதையும் கற்றோர் அறிவர். ஆட்களுக்கு முத்திரை இட்டதாக அந்நூலிற் செய்தி இல்லை. இதனைக் கொண்டு பழங்காலத்தைப் பெரிதுபடுத்த யாம் விழையவில்லை. பாட்டு அரசாணை அன்று.

அண்டை நாடாகிய டிரான்ஸ்வாலில் நிகழ்ந்தனவற்றை ஈண்டு விரிக்க வேண்டா. அவை பலரும் எழுதியன. 1907-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும், பத்து விரல்களின் பதிவும், 1908 ஆகஸ்டு 16-இல் ஜோகானஸ்பர்க் பள்ளிவாசல் முன்னர்ச் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டமையும், சிறையினின்று மீண்ட நாகப்பன் என்னும் இளைஞர் 1909-இல் இறந்தமையும் நாடறிந்தவை. ஒன்று மட்டும் கூறுவோம். அப்போராட்டம் நெடுங்காலம் மூன்று பவுன் சீட்டைத் தன் கோரிக்கையாகக் கொள்ளவில்லை. அதனை இடைவிடாது எழுதிவந்தவர் டர்பனில் 1908 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்னும் இதழை நடத்திய பி. எஸ். ஐயர் ஆவர். 1911-இல் இதற்கென ஓர் இயக்கத்தையும் அவர் தொடங்கினார். காந்தியடிகளோடு கருத்து மாறுபட்டவர் என்பதனாற் போலும், நம் நூல்களில் இவர் பெயரைக் காண்டல் அரிதாயிற்று. இது திருத்தப்பட வேண்டிய குறை.

கோகலே 1910 பிப்ரவரியில் வைசிராயின் சட்டமன்றத்திற் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1911 சூலை முதல் நாளிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்த ஆள் அனுப்புதல் நின்றது. 1912-இல் அவர் நேரிற் சென்று அமைச்சர்களைக் கண்டார். சீட்டு நீக்கப்படும் என்று உறுதி பெற்றதாகவே உணர்ந்து மீண்டார். அவ்வாறு உறுதி தரவில்லை என அரசு பின்னர் மறுத்தது. 1913 மார்ச்சில், பல மனைவியரை மணக்க இடந்தரும் சமய முறைப்படி நிகழ்ந்த மணங்கள் குடிவரவுச் சட்டத்தின்முன் செல்லா எனப் பொருள்படுமாறு கேப் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு எழுந்தது. இவ்விரண்டும் ஒருங்கு சேர்ந்த பின்னரே மூன்று பவுன் சீட்டு போராட்டத்தின் முன்னிலைக்கு வந்தது.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பெண்கள் பதினொருவர், பெரும்பாலும் தமிழர், இசைவுச் சீட்டின்றி எல்லை கடந்து நேட்டாலுட் புகுந்து நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளரைச் சந்தித்தனர். 1910-இலேயே நான்கு நாடுகளும் ஒன்றிணைந்து ஒரே ஒன்றியம் ஆகிவிட்டன. எனினும் இந்தியர்க்கு மட்டும் பழைய எல்லைகள் நின்றன. ஒரே நாட்டினுள் ஒரு பகுதியினின்று மற்றொன்றுக்குச் செல்வதே 'குடிவரவு' ஆயிற்று. தில்லையாடி வள்ளியம்மை 1898-இல் ஜோகானஸ்பர்க்கிற் பிறந்தவர். தில்லையாடி அவர் தாயின் ஊர். பிறந்த நாட்டில் அவர்க்கு அமைந்த தகுதியோ அயலார் என்பது. சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22-இல் அவர் இறந்தார்.

சுரங்கங்களில் வேலைநிறுத்தம் பரவியது. நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 சிறாரும் சார்லஸ்டவுனிலிருந்து புறப்பட்டு வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையைக் கடந்தனர் என்பது காந்தியடிகள் தரும் கணக்கு. நான்கு நாளில் அவர்களைப் புகைவண்டியில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பினர். சுரங்க வளாகங்களையே சிறைகளாக அறிவித்தனர். வரலாற்றாசிரியர் கண்கள் இப்பயணத்திலேயே நிலைத்துவிட்டன. ஆனால் இதனினும் பெரியது கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில் நிகழ்ந்தது. அங்குத் தலைவர் எவரும் செல்லவில்லை. வேலையை நிறுத்துக என்று எவரும் கட்டளையிடவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் தாமே கருவிகளை வைத்துவிட்டு வெளியேறினர். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. அவருட் பலர் ஒப்பந்தத்தில் இருந்தவர். அதாவது அன்றுவரை மூன்று பவுன் செலுத்தாதவர். வரி என்று கொண்டால், தாம் செலுத்தாத வரிக்காக இவர்கள் ஏன் எழுந்தனர் என்பது விளங்காது. ஒப்பந்தம் முடியும் நாளில் தம்முன் வந்து நிற்கப்போகும் வாயிற்கதவு அது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சட்டத்தின் பொருளை, அதனைப் படிக்க இயலாத அவர்களே நன்கு உணர்ந்தனர் என்று யாம் கருதுகின்றோம்.

அந்நவம்பரில் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு சென்னையிற் பேசியபோது, தென்னாப்பிரிக்க இந்தியரின் எதிர்ப்புக்கு வெளிப்படையாகப் பரிவு காட்டினார். சாலமன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு சீட்டை நீக்குமாறு கூறியது. 1914-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டம் அதனை நீக்கியது. பழைய நிலுவைகளுக்கு வழக்கிடுதலும் கூடாது என்றது. இச்சட்டத்தை வெற்றி எனப் போற்றுவோர் அதன் ஏனைய பிரிவுகளையும் படித்தல் நன்று. இந்தியாவுக்குத் திரும்ப விரும்புவோர்க்கு அரசு இலவசக் கப்பற்பயணம் தரலாம். பெறுவோர் அந்நாட்டில் மீண்டும் வாழும் உரிமையைத் தமக்கும் தம் மனைவி மக்களுக்கும் துறந்ததாக எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்று ஒரு பிரிவு கூறுகின்றது. அடுத்த பிரிவின்படி, முன்னர் அந்நாட்டில் வாழ்ந்தமைக்குரிய சான்றிதழ் செல்லுபடியாவது அதிலுள்ள பெருவிரற் பதிவு ஒத்திருப்பதைக் கொண்டே. அழகிய தமிழிற் கையொப்பமிட வல்லவரும் விரலையே மையில் தோய்க்க வேண்டியவராயினர்.

தங்குவதற்குப் பணம் வாங்கும் முறை இவ்வாறு ஒழிந்து, போவதற்குப் பணம் கொடுக்கும் முறை அதனிடத்தைப் பற்றியது. 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாடு இதனை விரிவாக்கியது. திரும்பிச் செல்லும் பெரியவர்க்கு 20 பவுனும், சிறுவர்க்கு 10 பவுனும் கொடையாகக் கிடைக்கும். மனம் மாறினோர், ஓராண்டுக்குப் பின்னரும் மூன்றாண்டுக்கு முன்னரும், கொடையையும் கப்பற்கூலியையும் திருப்பிச் செலுத்தி மீண்டும் வரலாம். இவ்வுடன்பாட்டின்படி இந்திய அரசின் முதல் முகவராக அவ்வாண்டு அங்குச் சென்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். திரும்பியோர் பலர் சென்னையில் இறங்கினர். அவருள் நேட்டாலிலே பிறந்து தமிழ்நாட்டை முதன்முறை காண்போரும் இருந்தனர். அவர்களைத் தாயகம் திரும்பியோர் எனப் பதிவேடுகள் குறித்தன. அந்நாட்டு இந்தியரை நிலைத்த குடிகளுள் ஒரு பகுதியினர் எனத் தென்னாப்பிரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1961-ஆம் ஆண்டில். 'ட்ரூரோ' டர்பனை அடைந்து அப்போது நூறாண்டு கடந்திருந்தது.